ஞாயிறு வாசிக்கப்போகும் பெயர்கள்

லிமா, புவெனோஸ் ஐரெஸ் மாகாணம்
வியாழக்கிழமை

அன்புள்ள நெலிதா,

நலமா? கனடாவில் இப்போது பனி என்று உன் அம்மா சொன்னார். தபாலுக்கு நேரமில்லை, மின்னஞ்சலில் எழுதுகிறேன்.

நம் அணுமின் நிலையத்தில் பழைய உலைகளில் ஒன்று ஓடுகிறது, மற்றொன்று பழுதுபார்ப்பில் நிற்கிறது. நீ வரைபடம் போட்ட புதிய உலைக்குச் சுவர் பாதியில் நிற்கிறது, கம்பிகள் துருப்பிடிக்கின்றன. அரசு நிதியை நிறுத்திவிட்டது. உன்னைப் போல வேலை தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக வெளிநாடு போகிறார்கள்.

என் பிரிவில் பதினொரு வெல்டர்கள். வேலையிலிருந்து நீக்க நான்கு பெயரை எழுதிக் கொடு என்றார்கள். பிள்ளைகுட்டிக்காரர்களை விட்டுவிட்டேன். முதல் பெயராக, கல்யாணமாகாத உன் தம்பி ரமீரோவை எழுதினேன். இத்தனைக்கும் அவன் போட்ட வெல்டிங் ஒன்றுகூடச் சோதனையில் தவறியதில்லை.

ரமீரோ பட்டியலைப் பார்த்துவிட்டு, "நல்லவேளை, செவேரோ பேரு இல்லண்ணே. அவன் பொண்டாட்டிக்கு இது நெறமாசம்" என்றான். திட்டியிருந்தால் தேவலாம்.

இது நடந்து மூன்று வாரம். அம்மாவிடம் அவன் சொல்லவில்லை. தினமும் தலைக்கவசத்தோடு கிளம்பி ஆரஞ்சுத் தோட்டத்தில் பெட்டி சுமக்கிறான். தேடிப் போனேன். "அம்மாகிட்ட மூச்சு விட்டீங்க, அப்புறம் உங்க மூஞ்சியிலயே முழிக்கமாட்டேன்" என்றான்.

செவ்வாயன்று ரொட்டிக்கடையில் உன் அம்மா பிடித்துக்கொண்டார். "எல்வியோ, எம்புள்ளைய ரொம்ப வேலை வாங்காதப்பா, கையெல்லாம் காய்ச்சுக் கெடக்கு" என்றார். சரிம்மா என்றேன். அதோடு விட்டாரா? ஞாயிறு நிலைய வாசலில் ஊர் திரள்கிறது, அங்கே நீக்கப்பட்டவர்களின் பெயர்களை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். "அந்தப் பாவப்பட்ட பசங்களுக்காக நானும் வர்றேன், நீ எம்பக்கத்துல நில்லு" என்கிறார். பழைய படுக்கைவிரிப்பில் பதாகை எழுதுகிறாராம்.

நேற்று சொல்லிவிடுவது என்றுதான் போனேன். மத்தே தேநீர் ஊற்றிக் கொடுத்தார். இரண்டு கோப்பை குடித்துவிட்டு, மழை வரும்போல என்று சொல்லித் திரும்பிவிட்டேன்.

நெலிதா, ஞாயிறுக்குள் அம்மாவிடம் பேசு. ஒலிபெருக்கியில் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது. பட்டியலை எழுதியது யாரென்றும் மறைக்காமல் சொல். அதன் பிறகும் பக்கத்தில் நில்லென்றால் நிற்கிறேன். வேண்டாமென்றால், கூட்டத்தின் கடைசியில் நிற்பேன்.

குளிரில் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் நண்பன்,
எல்வியோ