முன்வாசல் திறந்த மறுநாள்

சின்னவளின் அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி தேவலையா?

எங்கள் கல்லூரி முன்வாசலில் நின்ற அடிமை வியாபாரியின் சிலையை நேற்று எடுத்துவிட்டார்கள். நம் நிறத்து ஊழியர்களுக்குப் பக்கவாசல்தான் என்பது இங்கே எழுதாத விதி. "இனி எல்லாருக்கும் முன்வாசல்தான்" என்றார் கல்லூரி முதல்வர். எல்லோரும் கைதட்டினோம்.

இன்று காலை முன்வாசலில் கால் வைத்தேன். "யோவ் பெருசு, பார்சல்லாம் பக்கவாசல்ல குடு" என்றான் காவலாளி. கழுத்தில் தொங்கிய நூலகர் அட்டையைக் காட்டக் கை எழவில்லை. "மன்னிச்சுக்கோங்க தம்பி" என்று திரும்பிவிட்டேன். சட்டை சாயம் போயிருந்ததுதான் காரணமோ என்னவோ. நல்லதாக இரண்டு அனுப்பிவை.

இங்கே வேலைக்கு விண்ணப்பித்திருக்கும் சின்னவளிடம் சிலையை எடுத்ததை மட்டும் சொல்.

சாப்பாட்டு நேரம் முடிகிறது. பக்கவாசலுக்குச் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

உன்னவன்