கனகரெத்தினம் அண்ணனின் காந்தாரம்

1996 மார்ச் 5, செவ்வாய்

இன்றும் சத்தம் வரவில்லை. நான்காவது நாள். காலையில் ஒரு வயரைத் தொட்டேன், கரண்ட் போனது. நான் தொட்டதால் அல்ல, கல்முனைக்குடி முழுக்கப் போனது. ஆனாலும் எரிச்சல் என் மேல்தான்.

மேசையில் கிடப்பது குவைத்திலிருந்து வந்த பழைய கம்பியூட்டர். எழுத்துக்கட்டைகளில் அரபு. படம் வராது. அதற்குள் நாற்பது கால் வைத்த சிப் ஒன்று இருக்கிறது, விளையாட்டுகளுக்குச் சத்தம் கொடுக்கச் செய்தது. ஒரே நேரத்தில் மூன்று சுரம் தரும். குவைத்தில் ரிப்பேர் கடையில் ஆறு வருடம் இருந்தவனுக்கு இது புதிதில்லை. அதை வெளியே எடுத்துக் கட்டைகள் பூட்டி, தனி வாத்தியமாக்க வேண்டும்.

கனகரெத்தினம் அண்ணனுக்கு. நான் குவைத் போகுமுன் அவருடைய நாடகங்களுக்கு ஒலிபெருக்கி கட்டியவன் நான். பாண்டிருப்பில் அவர் ஆர்மோனியம் வைத்தால் மேடையில் பிழை விட ஆட்களுக்குப் பயம். தொண்ணூறில் ஷெல் விழுந்து இடது கை முழங்கையோடு போனது. வலது கை நன்றாக இருக்கிறது. ஆனால் துருத்தி இழுக்க யார்? மனைவி செல்லத்தங்கம் அக்கா கொஞ்ச நாள் இழுத்தார். மூச்சு ஒத்துவரவில்லை என்று அண்ணன் பெட்டியை மூடியவர்தான், பிறகு திறக்கவில்லை.

துருத்தி இல்லாத ஆர்மோனியம். அவ்வளவுதான் கேட்கிறேன் இந்தச் சிப்பிடம்.

என் மனைவி சல்மா எட்டிப் பார்த்தாள். "ரிப்பேருக்கு ரெண்டு டீவி கெடக்கு. ஆக்கள் வந்து வந்து போறாங்க. நீங்க இந்தப் பூரானோட இரிங்க."

மார்ச் 9

சத்தம் வந்தது. நிற்கவில்லை. பிளக்கைப் பிடுங்கினேன்.

மார்ச் 22, வெள்ளி

ஜும்ஆவுக்குப் போய் வந்து உட்கார்ந்தவன் அஸர் தொழுகை வரை எழும்பவில்லை. இருபத்தைந்து கட்டையும் பேசுகின்றன. கட்டைகள் கறையான் தின்ற ஒரு பள்ளிக்கூட ஆர்மோனியத்தில் கழற்றியவை. கீழே அழைப்பு மணிச் சுவிட்சுகள். ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு எண், அந்த எண்ணைச் சிப்புக்குச் சொல்லச் சின்னச் சின்ன டயோட்டுகள். எண் கூடினால் சுரம் இறங்கும், குறைந்தால் ஏறும். கணக்குப் போட்டுப் போட்டே ஒரு கொப்பி முடிந்தது.

சல்மாவைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினேன்.

"காதுக்குள்ள நுளம்பு கதைக்கிற மாதிரி இரிக்கி" என்றாள்.

அப்போது அவளோடு கூடப்பிறந்த காக்கா மஜீட் மச்சான் வந்தார். கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டு, "யாருக்கு இது?" என்றார். சொன்னேன். "அங்கால தமிழாக்களோட போக்குவரத்து வெச்சிக்கிறது நமக்கு நல்லதில்ல சாலிஹ். அவங்களுக்கும் நல்லதில்ல." கோபமாகச் சொல்லவில்லை.

ஏப்ரல் 3, புதன்



பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு போனேன். பாண்டிருப்புக்குப் போகும் வழியில் உள்ள ஆமிச் சென்றிப் பொயின்ற் எனக்குப் புதிதா? தலையை ஆட்டிப் போகச் சொல்வார்கள். இன்று புதுப் பொடியன். துணியை விலக்கிப் பார்த்தான். "மே மொகக்த?" என்றான் சிங்களத்தில், இது என்ன என்று. மியூசிக் என்றேன். அவன் பார்த்தது வயரை. இரண்டடி பின்னுக்குப் பாய்ந்து துவக்கை நீட்டிவிட்டான். றோட்டில் போன சனம் எல்லாம் ஓடியது. என்னை வெயிலில் முழங்காலில் வைத்தார்கள்.

இரண்டு மணி நேரம் கழித்து அதிகாரி வந்தார். தமிழ் கொஞ்சம் தெரியும். "மியூசிக் என்றால் வாசி" என்றார். கரண்ட் எங்கே? இது மெயினில் ஓடுகிற சாமான். கரண்ட் வேண்டும் என்று சொன்னதும் இன்னும் சந்தேகம். துவக்கு முனைக் கத்தியால் மூடியைக் கிளப்பி, டயோட் பலகையை இழுத்து, சிப்பை நெம்பி—

வயர் இருந்தாக் குண்டா? நான் என்னடா பிழ செஞ்ச? ஆரிட்டக் கேக்க? அந்தப் பொடியனுக்கு என்ட மகன்ட வயசு. அவனும் நடுங்கினான், நான் கண்டன். அதுக்காக?

மாலை விட்டார்கள். எழுத்தில் அனுமதி இருந்தால்தான் இனி இப்படிச் சாமான் இந்த வழியால் போகலாம் என்றார் அதிகாரி. துண்டுகளைச் சாரத்தில் பொறுக்கிக் கட்டினேன்.

ஏப்ரல் 4

சிப்பின் ஐந்து கால் இல்லை. உடம்பில் வெடிப்பு. இது எழும்பாது.

ஏப்ரல் 12

வெறுங்கையோடு பாண்டிருப்புக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். கனகரெத்தினம் அண்ணன் முற்றத்தில் தேங்காய் எண்ணிக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"நான் உன்னட்டக் கேட்டனா தம்பி?"

இல்லை, கேட்கவில்லை. அது உண்மை. போன வருடம் கலியாண பேண்ட்காரர்களின் கீபோர்ட் ஒன்று ரிப்பேருக்கு வந்தது. ஒரு நாள் அவரிடம் கொடுத்துப் பார்த்தேன். அடுத்த நாள் செல்லத்தங்கம் அக்கா துணியில் சுற்றித் திருப்பித் தந்தார். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். விளங்காமல் பெட்டி செய்யப் புறப்பட்டேன். இரண்டு மாதம்!

"உனக்கு ஒண்டு நடந்திருந்தா சல்மாவுக்கு நான் என்ன மறுமொழி சொல்ற?" என்றார், நான் சைக்கிளை எடுக்கும்போது. அப்போதும் தேங்காயைத்தான் பார்த்தார்.

மே 6

விட்டுவிடலாம் என்று நினைத்த ஒவ்வொரு நாளும் டயோட் பலகையை ஒட்டிக்கொண்டிருக்கிறேன். பலகை தயார். சிப் இல்லை. எனக்குத் தெரிந்து அதே கம்பியூட்டர் இன்னும் ஒன்றுதான், சாய்ந்தமருதில் ஹமீட் வீட்டில். குவைத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர்.

போய்க் கேட்டேன். அலுமாரிக்கு மேல் போர்வை போட்டு வைத்திருக்கிறார்.

"அது ஓடாது காக்கா" என்றேன்.

"ஓடும். ஆள் இல்லாமக் கிடக்கு, அவ்வளவுதான்."

"நான் பாத்துச் சொல்றன், ஓடாது."

ஹமீட் என் முகத்தைப் பார்த்தார். "சாலிஹ், நான் அங்க ஆறு வரிசம் ஒழச்ச. யுத்தம் வந்து பாலவனத்தால ஓடி வாறப்ப எல்லாத்தையும் உட்டுட்டு இதத்தான் மடியில வெச்சிக்கிட்டு வந்த. இதத் தொறந்து உள்ளுக்கு ஒண்டுமில்லண்டு எனக்குக் காட்டப் போறியா?"

பிளேன்ரீயைக் குடித்துவிட்டு வந்தேன்.

மே 9

ஆமி முகாமில் அனுமதிக் கடிதம் கேட்டுப் போனேன். கிராம சேவகரின் கடிதம் வேண்டுமாம். அவர் இல்லை.

மே 13

அவர் இருந்தார். முத்திரை இல்லை.

மே 27, திங்கள்

சல்மா பகல் முழுக்க வீட்டில் இல்லை. அஸருக்குப் பிறகு ஓட்டோவில் வந்து இறங்கினாள், மடியில் போர்வை சுற்றிய கம்பியூட்டர்.

"ஹமீட் காக்காட வீட்டயா போன?"

"ஓம்."

"என்னெண்டு தந்தார்?"

"நான் அவரோட கதைக்கல்ல. அவர்ட மனிசியோடதான் கதைச்ச. கையில்லாத மனிசன், வாசிக்கிறதுக்கெண்டு சொன்ன. அவ உள்ளுக்குப் போய் அவரோட என்ன கதைச்சாவோ தெரியா. அவரேதான் எறக்கித் தந்தார்." பிறகு சொன்னாள், "பெட்டிய உடைக்காமத் திருப்பித் தரட்டாம். போர்வையோட."

சிப்பை எடுத்தேன். பெட்டியை நன்றாகத் துடைத்து மூடி, போர்வையோடு ஹமீடின் அலுமாரிக்கு மேல் நானே கொண்டுபோய் வைத்தேன். அவர் திறந்து பார்க்கவில்லை.

ஜூன் 11

பெட்டி ஓடுகிறது. ஒவ்வொரு சுரத்தையும் மீட்டரில் பார்த்தேன். எண்கள் கணக்குப்படியே. ஆனால் பெட்டி கல்முனைக்குடியில், அவர் பாண்டிருப்பில். கடிதம் இன்னும் "மேலிடத்தில்". சைக்கிளில் பத்து நிமிடம் போகாத தூரம்!

இங்கே வரச் சொல்லிப் போய்க் கேட்டேன். "அந்த றோட்டால நான் வரமாட்டன்" என்றார். கை போனது அந்த றோட்டில். அதற்குமேல் வற்புறுத்த என்ன இருக்கிறது?

ஜூன் 15, சனி

பாட்டுப் பதிகிற கெசட் போகலாம்தானே! கெசட்டுக்கு யாரும் முழங்காலில் வைப்பதில்லை. எல்லாச் சுரமும் ஏறி இறங்கப் பதிந்து, என் விரலால் தட்டுத்தடுமாறி ஒரு வர்ணமெட்டும் வாசித்து, கொடுத்துவிட்டு வந்தேன். கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை மனிசன்.

ஜூன் 18

போனேன். கேட்குமுன்பே பதில் வந்தது.

"காந்தாரம் மேல நிக்குது."

"இல்ல அண்ணன். மீட்டர்ல நான் பாத்த. சரியாத்தான் நிக்குது."

"மேல நிக்குது தம்பி. நிஷாதமும் அப்பிடித்தான். அந்தக் கலியாணக் கீபோர்ட்டும் இதே பிழை. கேட்டா பல்லுக் கூசும்."

"நீங்க வேணாமெண்டு முடிவெடுத்திட்டுக் காரணம் தேடுறீங்க."

சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக்கூடாது. செல்லத்தங்கம் அக்கா உள்ளேயிருந்து வந்து இரண்டு பேரையும் பார்த்தார். நான் தேத்தண்ணி குடிக்காமல் வந்துவிட்டேன்.

என்னத்துக்கு இதெல்லாம்? சுடுதண்ணி மாதிரி ஒரு மனிசனுக்காக முழங்கால் தேய— சீ.

ஜூன் 20

தூங்கி எழும்பினால் அதே வார்த்தைதான். மேல நிற்கிறது. எதற்கு மேல்?

கறையான் தின்ற பள்ளிக்கூட ஆர்மோனியம் என்னிடம்தான் கிடக்கிறது. அதன் பித்தளை நாக்குகளை முன்பு அராவிச் சுருதி சேர்த்தது யார் என்று பள்ளிக்கூட வாட்சர் இப்றாஹிமிடம் கேட்டேன். கனகரெத்தினம் மாஸ்டர்தான் என்றார். காந்தார நாக்கை வாயால் ஊதி மீட்டரில் பிடித்தேன். மூன்று தரம். என்னுடையதை விடக் கீழே. கொஞ்சம்தான், ஆனால் ஒவ்வொரு தரமும் அதே கொஞ்சம்.

மற்ற நாக்குகளையும் ஊதினேன். அவர் வைத்த சுரங்களுக்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது. புத்தகத்தில் நான் எடுத்த கணக்கு வேறு ஒழுங்கு. என் மீட்டரும் பிழையில்லை. அவர் காதும் பிழையில்லை. கலியாணக் கீபோர்ட்டில் திருத்த வழியில்லை, செய்து வந்ததுதான். என் பெட்டியில் ஒவ்வொரு சுரமும் ஒரு எண்தானே!

காந்தாரம் 339. அதை 342 ஆக்க வேண்டும். ஒரு டயோட்டைக் கழற்றினேன், பக்கத்தில் ஒன்றை ஒட்டினேன். அந்த ஒரு சுரத்தை மட்டும் ஷட்ஜத்தோடு சேர்த்துப் பதிந்தேன்.

கெசட்டை நான் கொண்டுபோகவில்லை. வெட்கம். பாண்டிருப்புக்குப் பால் கொண்டுபோகும் றஸாக்கிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 25, செவ்வாய்

பத்து மணியிருக்கும். பஸ் நின்ற சத்தம். சல்மா ஓடிவந்து, "இஞ்ச வாங்க, சுறுக்கா வாங்க" என்றாள்.

வாசலில் கனகரெத்தினம் அண்ணன். வேட்டி, வெள்ளைச் சட்டை, சட்டையின் இடது கையை மடித்து ஊசி குத்தியிருந்தது. முகமெல்லாம் வேர்வை. பயமா வெயிலா தெரியவில்லை. பின்னால் அக்கா.

"காந்தாரம் சரி" என்றார், உள்ளே வராமலே. "மற்றதுகள நீ தனிய வெச்சா நாசமாக்கிப் போடுவாய். எங்க பெட்டி?"

லுஹர் தொழுகை வரை இருந்தார். கட்டையை அழுத்துவார், கண்ணை மூடுவார். "இறக்கு." நான் ஈயம் ஒட்டும் சூட்டுக்கோலோடு குனிவேன். "இன்னும் ஒண்டு." "கூடிப் போச்சு, ஏத்து." நாலு சுரம் முடிவதற்குள் என் இரண்டு விரல் சுட்டுப்போனது. சத்தம் நுளம்பு மாதிரித்தான் என்று அவரும் சொன்னார். சல்மாவுக்குச் சந்தோசம்.

ஜூலை 13

செவ்வாயும் சனியும் வருகிறார். மத்திமத்தை ஆறு தரம் மாற்றினோம், கடைசியில் முதல் எண்ணுக்கே வந்தோம். பலகையைத் தூக்கி எறிவேன் என்று கத்தினேன். "எறி. மறுகாச் செய்யிறது நீதானே" என்றார்.

ஜூலை 27

மஜீட் மச்சான் வந்து வாசலில் நின்றார். உள்ளே அண்ணன் பழைய நாடகப் பாட்டொன்றை வாசித்துக்கொண்டிருந்தார். கை தேடவில்லை, தானாகப் போனது. மச்சான் ஏதோ சொல்லப் போகிறார் என்று எழும்பினேன். அவர் ரிப்பேருக்குக் கொண்டுவந்த ரேடியோவை மேசையில் வைத்து, "அவசரமில்ல" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். நல்லது என்று சொன்னாரா, கெட்டது என்று சொன்னாரா? எனக்கு இன்னும் தெரியாது.

ஓகஸ்ட் 20, செவ்வாய்

நேற்று மாலை கடிதம் கிடைத்தது! நாலரை மாதம். சீல் அடித்து, கையெழுத்து வைத்து, "இசைக்கருவி ஒன்று" என்று எழுதியிருக்கிறது. இன்று காலையிலேயே சைக்கிளை மிதித்தேன், அவர் பஸ்ஸுக்கு வெளிக்கிடுமுன் சொல்ல வேண்டும் என்று. நாளைக்கே பெட்டி உங்கள் வீட்டில், இனி அலைச்சல் இல்லை.

அண்ணன் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தார். அக்காவிடம் கடிதத்தைக் காட்டினேன். வாசித்தார். அவர் முகம் நான் நினைத்தபடி மாறவில்லை. கிணற்றடிப் பக்கம் ஒருதரம் பார்த்துவிட்டு என்னிடம் குனிந்தார்.

"தம்பி, குறை நினைக்காதீங்க. பெட்டிய இஞ்ச கொண்டு வந்திராதீங்க."

"ஏன் அக்கா? நல்லா இல்லையா?"

"நல்லாயிருக்கு. ஆறு வரிசமா வீட்டு வளவ உட்டு எறங்காத மனிசன். இப்ப ஒங்கட வீட்டுக்கு வாறதுக்கெண்டு விடியத் தண்ணி சுடவெச்சுத் தரச் சொல்லி சேவ் எடுக்கிறார்."

கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தேன். தேத்தண்ணி வந்தது, குடித்தேன். அண்ணன் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவர் என்னைக் கண்டு நின்றார்.

"என்ன, காலங்காத்தால?"

"சும்மா, இந்தப் பக்கமா வந்த."

"வந்தது நல்லம். மேல் நிஷாதம் இன்னும் சரியில்ல. நீ முன்னால போய்ச் சூட்டுக்கோலப் போட்டு வை, நான் பஸ்ஸில வாறன்."

ஓம் என்றேன்.