ஞாயிற்றுக்கிழமை அடிக்காத புயல்

மச்சானுக்கு,

பதினோரு வருடம் கழித்து எழுதுவதால் நான் இறங்கி வந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. உன் அக்காதான் எழுதச் சொன்னாள்.

நம் விண்வெளி வானிலை மையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் இயக்குநர் அம்மா, நேற்று ஒரு கட்டுப் பழைய தாள்களோடு வீட்டுக்கே வந்தார். பூமியின் காந்தம் அசைவதை நம் கருவி கோடாக வரையுமே, அந்தத் தாள்கள். சூரியனிலிருந்து வருவதாகச் சொல்லி, "காலைப் புயல்" என்று பெயரும் வைத்து, அங்கே விஞ்ஞானியாக இருந்தபோது நீ கட்டுரை எழுதினாயே, அது தினமும் ஒன்பதரைக்கு ஏறி ஐந்து மணிக்கு இறங்குகிறதாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இல்லவே இல்லையாம்.

"சூரியனுக்கு ஏதுங்க ஐயா வார லீவு? கருவி அறைக்குப் பக்கத்துல நின்ன உங்க மச்சானோட கார் இரும்புதான் கருவியோட காந்தத்தை அசைச்சிருக்கு. நீங்க அப்பவே குறிப்பேட்டுல எழுதியிருக்கீங்களே!" என்றார்.

எழுதியது மட்டுமா? அந்தக் கருவியை முப்பது வருடம் பழுதுபார்த்தவன், உன் முகத்துக்கு நேராகவும் சொன்னேன். "எட்டாவது படிச்சிட்டு எனக்கே பாடம் எடுக்கறீங்களா அத்தான்?" என்றாய். வேலையே வேண்டாமென்று சாவிக்கொத்தை மேசையில் வீசிவிட்டு வந்தேன். அதோடு நீயும் வீட்டுப் பக்கம் வரவில்லை.

நேற்று உன் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டும் பதினோரு வருடம் ஆகிறது.

புதன்கிழமை புதிய கருவியைத் தொடங்குகிறார்கள். நாம் இருவரும் சேர்ந்து முடுக்கிவைக்க வேண்டுமாம். நீ வந்தால்தான் வருவேன் என்று சொல்லிவிட்டேன்.

ஒன்பதரைக்கு வா. காரை கேட்டிலேயே விட்டுவிடு. நான் அங்கேதான் நிற்பேன். மீதித் தூரத்தைச் சேர்ந்தே நடக்கலாம்.

எட்டாவது மட்டுமே படித்த
உன் அத்தான்