ஜன்னலுக்கு வெளியே நின்ற மருமகன்

அன்பு மகள் அலூச்சுக்கு,

அப்பா எழுதுகிறேன். அந்தக் குளிர் ஊரில் நீ கம்பளி போட்டுக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொண்டு தொடங்குகிறேன். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதினால் அது பொய். உன் அம்மா இல்லாத வீட்டுக்கு நலம் எங்கிருந்து வரும்? சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், மாட்டை அவிழ்த்துக் கட்டுகிறோம், அவ்வளவுதான். கையில் போன் இருக்கிறது, வீட்டில் நெட் இருக்கிறது, இந்தக் கிழவன் ஏன் காகிதத்தில் எழுதுகிறான் என்று நினைப்பாய். போனில் உன் முகம் தெரிந்ததும் சொல்ல வந்ததெல்லாம் எனக்கு மறந்துவிடுகிறது. உன் புருஷன் ஒகோலாவின் பேரை எடுத்தாலோ உனக்குக் கோபம் வந்து வைத்துவிடுகிறாய். காகிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாது. கிழித்துப் போடலாம், ஆனால் உன்னை எனக்குத் தெரியும், படித்துவிட்டுத்தான் கிழிப்பாய். உன் சிநேகிதி பெரில் லீவு முடிந்து லீட்ஸ் திரும்புகிறாள், அவளிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே காய்ந்த ஓமேனா மீன் ஒரு பொட்டலம். நாற்றம் வெளியே வராமல் இருக்க உன் அண்ணி அப்பியோ பை மேல் பை போட்டுச் சுற்றியிருக்கிறாள், அப்படியும் பெரில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் வாங்கினாள்.

கறுப்புப் பசு கன்று போட்டிருக்கிறது, காளைக்கன்று. உன் அம்மா இருந்திருந்தால் பசுவை நிற்க வைத்துத் திட்டியிருப்பாள். உன் அண்ணன் ஒடெரோவின் கரும்பு இன்னும் வயலிலேயே நிற்கிறது, ஆலை லாரி இதோ அதோ என்கிறார்கள், நான் லாரி ஓட்டின காலத்திலும் இதே இதோ அதோதான். கிளட்ச் மிதித்த முழங்கால் மழை வந்தால் வலிக்கிறது, மழை வராவிட்டாலும் வலிக்கிறது. அம்மாவை வீட்டுக்கு இடது பக்கம், முறைப்படி, அடக்கம் செய்ததை ஒடெரோவின் போனில் நீ பார்த்தாய். மண் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது. கோழிகள் கிளறாமல் இருக்க முள் வைத்திருக்கிறேன். காலையில் எழுந்ததும் டீ போட்டாச்சா என்று இன்னும் வாய்தவறிக் கேட்டுவிடுகிறேன், அப்பியோ போட்டுக்கொண்டு வந்து வைக்கிறாள்.

சரி, சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன், சுற்றிச் சுற்றி வந்தால் பேனாவில் மை தீர்ந்துவிடும். அடக்கம் முடிந்த பிறகு நீ போனில் என்னிடம் சொன்னாய்: எங்கம்மா சாகும்போது அந்த ஆள் ஜன்னலுக்கு வெளியே மரம் மாதிரி நின்னான், உள்ளே போய் தன் கையால செஞ்சிருந்தா ஒரு நிமிஷ வேலை, நான் அம்மாகிட்ட பேசியிருப்பேன், முறை முறைன்னு நின்னு எல்லாத்தையும் கெடுத்துட்டான், இனிமே அவனோட எனக்குப் பேச்சு இல்லை. அன்றைக்கு நீ அழுதாய், நானும் அழுதேன். நீ சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி உனக்குத் தெரியாது, தெரிய வழியும் இல்லை, அந்த அறைக்குள் இருந்தவர்கள் நானும் அப்பியோவும்தான். அதை எழுதுகிறேன், கேள்.

நெட் போடுங்கள், அம்மா முகத்தை நான் பார்க்க வேண்டும் என்று நீ சொன்னாயே, கம்பெனிக்காரர்கள் வயரைக் கொண்டுவந்தது நம் கேட் வரைக்கும்தான். அதற்கு மேல் கம்பம் இல்லை என்று போய்விட்டார்கள். அதனால் ரூட்டரை கேட் பக்கத்தில் இருக்கிற ஒடெரோ வீட்டில் வைத்தோம். அங்கே விளக்கெல்லாம் பச்சைப் பச்சையாக எரிந்தது, பிள்ளைகள் குதித்தார்கள். நம் வீடோ மேட்டில் இருக்கிறது, நடுவில் மாட்டுக்கொட்டில், மேலே தகரம். அம்மா படுத்திருந்த அறைக்கு ஒரு கோடு சிக்னல்கூட வரவில்லை. ஒடெரோ, அம்மாவைக் கட்டிலோடு தூக்கி என் வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம் என்றான். உன் அம்மாவுக்கு அப்போது எழுந்து உட்காரத் தெம்பு இல்லை, ஆனால் வாய்க்குத் தெம்பு இருந்தது. மகன் வீட்டுல போய் நான் படுக்கணுமாடா, பெத்தவ படுத்தா அந்த வீட்டுக்கு ஆகாதுன்னு தெரியாதா, உனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா, அந்த வீட்டுல உன் பெண்டாட்டி பிள்ளைங்க நாளைக்கு வாழ வேண்டாமா என்று கேட்டாள். படுக்க வேண்டாம்மா, சும்மா சாய்ஞ்சுக்கோ என்றான். சாய்ஞ்சாலும் படுத்ததுதான் போடா என்றுவிட்டாள். அவளோடு யார் வாதாடி ஜெயித்திருக்கிறோம்?

அப்போதுதான் ஒடெரோ யாலா டவுனில் தன் கடையில் இருந்த உன் புருஷனுக்குப் போன் போட்டான். அவன் கடையை அப்படியே இழுத்துப் பூட்டிவிட்டு பைக் டாக்சி பிடித்து வந்தான், மடியில் இன்னொரு ரூட்டர், தோளில் வயர்ச் சுருள். யாரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை. ஒடெரோ வீட்டிலிருந்து மேடு வரைக்கும் தானே மண்வெட்டி எடுத்து வாய்க்கால் போலக் கீறி, ஆடு கடிக்காமல் இருக்கப் பழைய தண்ணீர்க் குழாய்க்குள் வயரைக் கோத்து, புதைத்துக்கொண்டே வந்தான். சட்டை முழுவதும் சேறு. அம்மா அறை ஜன்னல் வரைக்கும் வந்ததும் நின்றுவிட்டான். அதற்கு மேல் மாமியார் படுத்திருக்கிற அறை, நம் முறைப்படி மருமகன் நுழையக் கூடாத இடம், அவன் கால் எப்படி வரும்? ரூட்டரையும் வயர் நுனியையும் ஜன்னல் கம்பி வழியாகக் கையை மட்டும் பின்பக்கமாக நீட்டிக் கொடுத்தான். முகம் கரும்பு வயல் பக்கம். கொடுத்துவிட்டு விலகிப்போய் கொய்யா மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். அங்கிருந்து சத்தம் போட்டுச் சொல்லச் சொல்ல, உள்ளே அப்பியோ செய்ய வேண்டும்.

அதை நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய். தனியா ஒரு ஓட்டை நீலமா இருக்கும் பாரு, வயரை அதுல சொருகு என்கிறான். எல்லாம் மஞ்சளாத்தானே இருக்கு அண்ணே என்கிறாள் இவள். தலைகீழா பிடிச்சிருப்பே, திருப்பு என்கிறான். பின்னால் பொடி ஓட்டை இருக்கும், ஊசியால அழுத்திப் பிடி என்றான். ஊசிக்கு எங்கே போவது என்று அப்பியோ முழித்தபோது உன் அம்மா தன் மேல்துணியில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நீட்டினாள். விளக்கு சிவப்பாய் எரிந்தது, அணைந்தது, பிறகு பச்சையானது. வைஃபைக்கு என்ன பேர் வைக்கலாம் அத்தைகிட்டக் கேளுங்க மாமா என்று அங்கிருந்தே கத்தினான். உன் பேரை வைக்கச் சொன்னாள். அவன் தன் போனில் அலூச் என்று போட்டுவிட்டு, பாஸ்வேர்டும் மாற்றிவிட்டான். அதை என் போனில் போட வேண்டும். என் போன் உனக்குத் தெரியுமே, சார்ஜரைப் பிடுங்கினால் அந்த நொடியே செத்துவிடும், அதனால் கட்டில் தலைமாட்டுப் பிளக்கை விட்டு நகர்த்த முடியாது. அவன் கொய்யா மரத்தடியிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகக் கத்த, அப்பியோ பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஒவ்வொன்றையும் திருப்பிக் கத்திக் கத்தி அழுத்தினாள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டியிருக்கலாம் என்று இப்போது எல்லாருக்கும் தோன்றுகிறது. அன்றைக்கு ஒருவருக்கும் தோன்றவில்லை.

வாசல் நிறைய நோயாளியைப் பார்க்க வந்த ஜனம். சர்ச் பாட்டுக் குழுப் பெண்கள், கரும்பு வெட்டுகிற பையன்கள், பஞ்சாயத்துப் பேசுகிற என் பழைய கூட்டாளிகள். எல்லாருக்கும் காது இருக்கிறது, எல்லார் கையிலும் போன் இருக்கிறது. அவன் கத்தி முடிப்பதற்குள் பாதிப் பேர் அந்த வைஃபைக்குள் நுழைந்துவிட்டார்கள். ஒருத்தன் பந்தாட்டம் பார்க்கிறான், ஒருத்தி ஜெபப் பாட்டு இறக்குகிறாள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, ஓசியில் கிடைத்த தண்ணீரை யார் வேண்டாம் என்பார்கள்? அந்த நேரத்தில்தான் நீ வீடியோவில் வந்தாய். அம்மா என்று கூப்பிட்டாய். மெலிஞ்சு போயிட்டாளே என்று அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள். அவ்வளவுதான், படம் நின்றுவிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நீ அறியாதது. அவன் வாசலில் ஒவ்வொருவரிடமும் போய்க் கைகூப்பி, அணைங்க, தயவுசெய்து அணைங்க என்று கெஞ்சினான். தன்னைவிட மூத்தவர் ஒருவர் கையிலிருந்து போனைப் பிடுங்கியே விட்டான். அவர் திட்டியதைக் காதில் வாங்காமல் அறை வாசலுக்கு ஓடி வந்தான். ஆமாம் மகளே, வாசலுக்கு வந்தான். செருப்பைக் கழற்றிவிட்டான். அத்தை, நான் கண்ணை மூடிக்கிட்டே வர்றேன், ஒரே ஒரு தடவை உள்ளே விடுங்க, நானே தொட்டாத்தான் சீக்கிரம் சரியாகும் என்று அழுகிற குரலில் கேட்டான். நான் வா என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன். உன் அம்மா என் கையைப் பிடித்தாள். வேண்டாம்னு சொல்லுங்க, மேல்துணிகூட சரியா இல்லாமக் கிடக்கிறேன், இப்படி என்னைப் பார்த்துட்டா அந்தப் பிள்ளை நாளைக்கு அலூச் முகத்தை எப்படிப் பார்க்கும், நல்ல பிள்ளை, வெளியவே நின்னு செய்யட்டும், அவனுக்கு யாராவது கஞ்சி குடுத்தீங்களா என்று கேட்டாள். இதுதான் நடந்தது. அவன் முறைக்குப் பயந்து நிற்கவில்லை. அவள் கேட்டுக்கொண்டாள், அவன் அவள் பேச்சுக்கு நின்றான். சாகக் கிடக்கிறவளிடம் மிச்சம் இருந்தது அந்த மரியாதை ஒன்றுதான், அதையும் பறித்துக்கொண்டு உள்ளே வந்திருந்தால் உனக்கு அவனைப் பிடித்திருக்குமா, யோசித்துப் பார்.

உடனே அவன் மேட்டிலிருந்து ஒடெரோ வீட்டுக்கு ஓடினான், அங்கே இருக்கிற ரூட்டரை அணைத்துப் போட. வழியில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டது எனக்குப் பிறகுதான் தெரியும். அவன் மூச்சு வாங்கத் திரும்பி வந்து கொய்யா மரத்தடியில் நின்று, இப்ப வருதா மாமா, வருதா என்று கேட்டான். மறுபடியும் கேட்டான். அப்பியோ அலறிய பிறகுதான் கேட்பதை நிறுத்தினான். சுவரை ஒட்டி வெளியே உட்கார்ந்தவன், சேற்றுக் கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு, அலூச்சுக்கு நான் என்ன சொல்லுவேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். உனக்குப் போன் போட்டுப் பார்க்கிறான், நீ எடுப்பதில்லை. என்னிடம் உன்னைப் பற்றி ஒரு குறையும் சொல்வதில்லை, அவ கோபம் நியாயந்தான் மாமா என்கிறான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரே வீட்டில் இரண்டு சாவு வேண்டாம் மகளே.

இன்னொன்றும் போனில் கேட்டாய். கடைசியில் அம்மா என்ன செய்துகொண்டிருந்தாள் என்று. உன் பக்கம் திரை கறுத்துப்போனது என்றாய். இங்கே கறுக்கவில்லை. உன் முகம் அப்படியே நின்றுவிட்டது, ஏதோ சொல்ல வாய் திறந்தபடி. அப்பியோ, போச்சு என்று போனை எடுக்கப் போனாள், உன் அம்மா விடவில்லை. இரு, அவ என்னவோ சொல்ல வர்றா, குறுக்கே பேசாதே என்றாள். அது நின்றுபோன படம் என்று அவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை. நீ சொல்லப்போவதைக் கேட்க உன் முகத்தைப் பார்த்தபடியே காத்திருந்தாள், அப்படியே போய்விட்டாள். ஒகோலா அந்த வயரை இழுத்திருக்காவிட்டால் அவள் கண்ணுக்கு எதிரே வெறும் சுவர்தான் இருந்திருக்கும்.

நீ பார்த்துக்கொள்கிற அந்த ஊர்க் கிழவிகளிடம் பொறுமையாக இரு, அவர்கள் திட்டினாலும் பதில் பேசாதே. ராத்திரி ட்யூட்டிக்கு வெறும் வயிற்றோடு போகாதே. கடவுள் உன் போக்கையும் வரவையும் காக்கட்டும், உன் அம்மாவின் ஆசி உன் தலைமேல் இருக்கட்டும், என்னுடையதும் மிச்சமில்லாமல் உனக்கே. ஞாயிற்றுக்கிழமை ஒகோலாவுக்குக் கடை கிடையாது, சர்ச் முடிந்து வீட்டில்தான் இருப்பான். மறக்காமல் நீயே கூப்பிடு. அவன் பேச மாட்டான், அழுவான், வைத்துவிடாதே.

இப்படிக்கு,
உன் முகத்தை நினைத்துக்கொண்டே படுக்கப் போகிற அப்பா,
ஒபோன்யோ