காந்தம் ஒட்டாத இரும்பு

12 அக்டோபர், ஞாயிறு

மகள் பெங்களூருக்கு வேலைக்குப் போகும் விஷயமாகக் காலையில் அவளோடு சண்டை. அரவேணு ஊரில் நடக்கும் கொல்லுப்பட்டறை வகுப்புக்கு இருவர் பெயரையும் பதிந்திருந்தேன். தனியாகத்தான் போனேன்.

சொல்லித்தரும் ஸ்டெல்லா, உலையில் பழுத்த கம்பியை வெளியே எடுத்தாள். “குச்சி நுனியில காந்தம் இருக்குதுங்க, வெச்சுப் பாருங்கக்கா.”

வைத்தேன். ஒட்டவே இல்லை. தான் இரும்பு என்பதையே கம்பி மறந்துவிட்ட மாதிரி இருந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

“கெட்டுப்போச்சுங்களா?”

“இல்லீங்க. அந்தச் சூட்டுல ஒட்டாது. ஆறட்டும்.”

சுத்தியலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிவப்பு மங்கியதும் குச்சியை மறுபடி கிட்டே கொண்டுபோனேன். காந்தம் என் கையையும் இழுத்துக்கொண்டு போய் டக்கென்று ஒட்டியது. அம்மாடி!

வீட்டுக்கு வந்து ராத்திரியும் ஆகிவிட்டது, மகள் இன்னும் சாப்பிட வரவில்லை. அவள் அறைக் கதவைத் தட்டப் போய், தட்டாமல் திரும்பிவிட்டேன். தோசை மாவை மட்டும் வெளியே எடுத்து வைத்திருக்கிறேன்.

தாழ்ப்பாள் சத்தம் மாதிரி கேட்கிறது.