தெருவை அளந்த இரண்டு பேர்

இன்று காலை நகராட்சியிலிருந்து வீடு அளக்க வந்திருந்தார்கள். ஒருவர் டேப்பின் நுனியை என் கையில் கொடுத்து, சுவரோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். நம் தெருவை அளந்தபோது அந்த நுனி எப்போதும் உன் கையில்தான் இருந்தது. நீ போய் இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது.

சொத்து வரியைத் திருத்தப் போகிறோம், பொதுமக்கள் ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவிப்பு வந்த நேரம் அது. பீங்கான் கம்பெனியில் வேலை முடிந்து, நான் இருக்கும் ஜெராக்ஸ் கடைக்கு நேராக வந்தாய். முழங்கைவரை வெள்ளை மண் காய்ந்திருந்தது. சிமெண்ட் ஷீட் போட்ட உன் வீடு நகராட்சிப் பதிவில் கான்கிரீட் தளம் போட்ட மெத்தை வீடு என்று இருந்தது. மெயின் ரோட்டுக் கல்யாண மண்டபமோ வெறும் குடியிருப்பு என்று இருந்தது. இரண்டையும் நீயே போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருந்தாய்.

"அவங்க அளந்தது தப்புன்னா நாமளே அளந்து குடுப்போம். நீ எழுதறியா?" என்று கேட்டாய்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் அளந்தோம். முதலில் பலர் கதவையே திறக்கவில்லை. பெண்ணாடம் ஆலைக்குக் கரும்பு லாரி ஓட்டும் எதிர்வீட்டு அண்ணன்தான் முதலில் உள்ளே கூப்பிட்டார். அதன்பிறகு பெண்கள் தாங்களாகவே வந்து, எங்கள் வீட்டுக்கு எப்போது வருவீர்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒரு வீட்டில் மாமியாரும் மருமகளும் கூரை ஷீட்டா மெத்தையா என்று சண்டை போட, நீ தரையில் உட்கார்ந்து சிரித்தாய்.

உன் வீட்டை அளந்த அன்று, பின்னால் மகனுக்காக நீ கட்டிய அறை பதிவிலேயே இல்லை என்று தெரிந்தது. விட்டுவிடலாம் என்றேன்.

"நாமளே மறைச்சா மண்டபத்துக்காரர எந்த வாயால கேக்குறது? எழுதுடி."

எழுதினேன். உன்னைப் பார்த்து மற்றவர்களும் மறைத்ததைச் சொன்னார்கள். லாரி அண்ணன் மாடியில் போட்ட அறையைத் தானே காட்டினார். எல்லாரும் கையெழுத்திட்ட மனுவை அதிகாரி எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். திரும்பும் வழியில் டீ குடித்தோம். நம் ஊரில் இப்படி ஒன்று நடக்கும் என்று அன்று நானும் நம்பினேன்.

புது நோட்டீஸ் வந்தது. நாம் உண்மையாகச் சொன்ன அறைகளுக்கெல்லாம் வரி ஏறியிருந்தது. ஷீட் வீடுகள் மெத்தை வீடுகளாகவே இருந்தன. மண்டபம் குடியிருப்பாகவே இருந்தது.

ரேஷன் கடை முன்னால் தெருவே கூடிவிட்டது. லாரி அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "எல்லாத்தையும் எழுதச் சொன்னது யாரு?" என்று மட்டும் கேட்டார். எல்லாரும் நம்மைப் பார்த்தார்கள். நீ என்னைப் பார்த்தாய்.

"அவ சொன்னா, நான் எழுதுனேன்" என்றேன்.

அன்றிலிருந்து தெரு உன்னிடம் பேச்சை நிறுத்தியது. குழாயடியில் நீ வந்தால் பேச்சு அடங்கும். நீயோ வேலைக்கு லீவு போட்டுப் போட்டு நகராட்சிக்கு நடந்தாய், அவர்கள் வீடுகளுக்காகவும் சேர்த்து. துணைக்குக் கூப்பிட்டபோதெல்லாம் கடையில் வேலை என்றேன். நீ போட்ட மேல்முறையீட்டுக்கு வந்த பதில், உரிய பரிசீலனைக்குப் பின் நிராகரிக்கப்பட்டது என்ற ஒரே வரிதான். அடுத்த மாதம் கம்பெனியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. சாவுக்குத் தெருவே வந்தது. நல்ல மனுஷி என்றார்கள்.

போன வாரம் ஓர் இளம் பெண் கடைக்கு வந்து, வீட்டு வரிக்கு ஆட்சேபணை எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். எழுதி ஒன்றும் ஆகாதம்மா என்று அனுப்பிவிட்டேன்.

அன்று ரேஷன் கடை முன்னால் நான் பொய் சொல்லியிருந்தால் உன் மகனிடமாவது மன்னிப்புக் கேட்டிருப்பேன். நீ சொன்னாய், நான் எழுதினேன் என்பது உண்மைதான். அந்த உண்மையை வைத்துத்தான் உன்னைத் தனியாக நிற்கவிட்டேன்.