இரும்புக் கதவின் இரண்டாவது கீல்

அன்புள்ள பெரியவளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் சின்னவளும் இங்கே சுகமாக இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். அக்கா, எப்போதும் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதுகிற வரிகள்தான் இவை, ஆனால் இன்று அவர் சொல்லவில்லை. அவர் முன்னறையில் தூங்குகிறார், நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். ஃபிரிட்ஜ் உறுமி நின்றால்கூட அவர் எழுந்துவிட்டாரோ என்று பேனாவை நிறுத்திக் காது கொடுக்கிறேன். அவர் பேரில் நானே எழுதுகிறேன் என்று தெரிந்தால் என்ன ஆகுமோ. போனில் பேசலாமென்றால் உங்கள் ரேடியோ தொலைநோக்கி நிலையத்தைச் சுற்றிப் போனே ஆகாது, அதன் அலை ஆன்டெனாவில் விழுந்துவிடும்.

அங்கே வந்து திரும்பியதிலிருந்து அப்பா உன் பேச்சையே எடுப்பதில்லை. வந்த அன்று ஒரே முறைதான் சொன்னார். அமைதிப் பகுதி என்று பலகை இருந்ததால் போனை வாசலில் கொடுத்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தாராம், காவலாளியிடம்கூடக் கிசுகிசுவென்றுதான் பேசினாராம். உன் விடுதி இரும்புக் கதவு கீல் விட்டுத் தொங்கியிருக்கிறது. சாய்ந்த கதவைக் கண்டால் அவர் கை சும்மா இருக்குமா, வேனிலிருந்து வெல்டிங் மெஷினை இறக்கிவிட்டார். மேல் கீலை ஒட்டிவிட்டுக் கீழ்க் கீலைத் தொடுவதற்குள் நீங்கள் ஓடி வந்துவிட்டீர்கள். பறந்த பொறியெல்லாம் ரேடியோ அலையாகப் போய், நீ பல இரவாகப் பதிவு செய்துவந்த விண்மீன் மண்டலத்தின் அலையையே மூடிவிட்டது என்று அவருக்கு எப்படித் தெரியும்? "நான் சத்தமே போடலையேம்மா, இரும்பைத்தானே ஒட்டினேன்" என்றாராம். எல்லோர் முன்னாலும் நீ, "உங்களை யாருப்பா கேட்டா, இங்க வந்ததே தப்பு" என்றாயாம். உன்னைக் குறை சொல்லவில்லை அக்கா. ஆனால் அதன் பிறகு கடையில் ஜன்னல் கம்பிகள் அரைகுறையாகவே நிற்கின்றன, புது வேலை எதையும் அவர் எடுப்பதில்லை. சாப்பிடும்போது தட்டுச் சத்தம் மட்டும்தான். பள்ளிக்கூடக் கூத்துகளை நான் எவ்வளவு சொன்னாலும் ஒரு 'உம்' தான்.

மண்டலத்தின் நடுவில் இருக்கிற ராட்சதக் கருந்துளை எல்லாவற்றையும் விழுங்குவதில்லை, விழ வருவதில் ஒரு பங்கை இரண்டு பக்கமும் தாரையாகப் பீய்ச்சுகிறது, அது வெகுதூரம் போய்ச் சுற்றியுள்ள வாயுவைச் சூடாக்குகிறது, ஆறாத வாயுவில் புது நட்சத்திரம் பிறக்காது என்று நீ எழுதியிருந்தாயே, இந்த வீடு இப்போது அப்படித்தான் இருக்கிறது. நேற்று வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன், அப்பா திடீரென்று, "வாலு, அந்த வாயு அப்புறம் ஆறவே ஆறாதா?" என்றார். உன் பழைய கடிதத்தைத் தேடி எடுத்து வாசித்தேன். தீனி குறைந்தால் தாரை அடங்கும், வாயு மெல்ல ஆறும், சில இடங்களில் அந்தத் தாரையே வாயுவை நெருக்கி நட்சத்திரம் பிறக்க வைப்பதும் உண்டு, எங்கே எது நடக்கிறது என்றுதான் தேடுகிறோம் என்று எழுதியிருந்தாய். கேட்டு முடித்தவர், "ஒட்டுன இரும்பத் தண்ணி ஊத்தி ஆத்தக் கூடாது, விரிசல் விட்டுரும். தானா ஆறணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். ஆனால் அடுத்த மாதம் நீ கடல் தாண்டிய நிலையத்துக்கு இரண்டு வருடம் போகிறாய். அதைச் சொல்லி நீ போட்ட கடிதத்துக்கு அவர் இன்னும் பதில் சொல்லவில்லை. பதில் வராததால் வீட்டுக்கு வராமலேயே போய்விடுவாயோ என்றுதான் எனக்குப் பயம். அப்புறம் இந்த வீட்டில் யாரோடு பேசுவேன்?

மீதியையும் அவர் சொல்வது போலவே எழுதிவிடுகிறேன். பனியில் காதைக் கட்டிக்கொள். திரையையே வெறித்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. போவதற்கு முன் ஒரு நடை வந்துவிட்டுப் போ. நீ எடுத்த காரியம் நல்லபடி முடியட்டும், நீ நன்றாக இருக்க வேண்டும். கையெழுத்தை மட்டும் நான் போடவில்லை. காலையில் இதை அவருடைய வெல்டிங் முகமூடிக்குள் வைத்துவிடுவேன். கிழித்துப் போட்டால் உனக்குத் தெரியவே போவதில்லை. உன் கைக்கு வந்தால் அவரே தபாலில் சேர்த்திருக்கிறார் என்று புரிந்துகொள்.

ஆசிகளுடன்,
அப்பா

சின்னவள் எல்லாம் எழுதிவிட்டாள், ஒன்று விட்டுப்போச்சு, அதை நானே என் கோணல் எழுத்தில் எழுதுகிறேன். அந்தக் கதவுக்குக் கீழ்க் கீல் இன்னும் பாக்கி. இந்த முறை போல்ட் போட்டு முடுக்கிவிடுகிறேன், பொறி வராது. என்றைக்கு வரலாம் என்று எழுது. திரும்பும்போது வேனில் உனக்கு இடம் இருக்கிறது.